வழிக்கயிறு

ரீலை மட்டும் அவள் விடவே இல்லை. படகுக்குள் இழுத்துப் போட்டு, முதுகுச் சிலிண்டரைக் கழற்றி, போர்வையைப் போர்த்திய பிறகும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறினாள்.

"அறுந்துடுச்சு... வழிக்கயிறு அறுந்துடுச்சு... அவர் உள்ளேயே மாட்டிக்கிட்டார்!"

கடலடிக் குகைக்குள் போகிறவர்கள் வாசல் பாறையில் கயிற்றைக் கட்டிவிட்டு, ரீலிலிருந்து அதை விட்டுக்கொண்டே போவார்கள். உள்ளே சேறு கலங்கிவிட்டால் முகத்துக்கு நேரே நீட்டிய சொந்தக் கை கூடத் தெரியாது. கயிற்றைத் தடவிக்கொண்டுதான் திரும்பி வர வேண்டும்.

மாட்டிக்கொண்டவன் ஏப்பை சாப்பையான ஆளும் இல்லை. டைவிங் கடை முதலாளி. அந்தக் குகையில் படுத்துத் தூங்கும் சுறாக்களுக்குச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற பித்துக்குளி. சுறா குட்டி போட்டிருக்கிறது, வந்து பார் என்று மனைவியை ஆசை ஆசையாகக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தான்.

படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் தம்பி மட்டும் உட்காரவில்லை. மளமளவென்று சிலிண்டரை மாட்டினான், நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டினான், பெரிய டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"தம்பி, தனியாப் போகாதேப்பா. மீட்புக் குழுவுக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்துடுவாங்க."

"அவங்க வர்ற வரைக்கும் அண்ணன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரா, பெரியவரே?" என்றவன் அண்ணியைப் பார்த்தான். "அழாதீங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்." அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தான்.

காத்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அவள் அழுகிற அழுகையைப் பார்க்கச் சகிக்காமல், படகுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார்.

"மனசைத் தளர விடாதம்மா. குகைக் கோடியில, மேலாக்க ஒரு அறை இருக்காம். அங்க தண்ணி ஏறாது, காத்து நிக்கும். முகமூடியைக் கழட்டிட்டு உக்காந்து பாட்டே பாடலாம்னு முதலாளி சொல்லுவாரு. கண்டிப்பா அங்கதான் போயிருப்பாரு."

அழுகை சட்டென்று நின்றது. நனைந்த முடியை ஒதுக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி ஒரு இடம் இருக்கா?"

"இருக்கும்மா. சத்தியமா இருக்கு."

அதற்குப் பிறகு அவள் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவம், இந்த ஒரு நம்பிக்கையாவது பலிக்கட்டும் என்று படகுக்காரர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டார்.

தம்பி ஒருவழியாக மேலே வந்தான். தனியாகத்தான் வந்தான். படகின் விளிம்பைப் பிடித்தபடி, இல்லை என்று தலையை ஆட்டினான்.

"மேல் அறையில பார்த்தியாப்பா?"

"பார்க்காம வருவேனா? மூலை முடுக்கெல்லாம் பார்த்தாச்சு. வாசல்ல கண்ணாடி மீன் கூட்டம், பாறை இடுக்குல சிங்கி இறாலுங்க, அண்ணன் செல்லம் கொஞ்சற ரெண்டு சுறா, பக்கத்துல குட்டி. வேற யாரும் இல்லை பெரியவரே."

அவள் மறுபடி ஓவென்று கத்தினாள். படகுக்காரர் தம்பியைக் கைகொடுத்து மேலே ஏற்றினார். "கையில இருந்த டார்ச் எங்கப்பா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவைத்தார்.

"நழுவிடுச்சு."

கூடப் பிறந்தவனையே பறிகொடுத்து நிற்கிறவனிடம் போய் டார்ச்சைக் கேட்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மீட்புக் குழு கிளம்பிவிட்டதாக வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. தம்பி தாவி வந்து அதை வாங்கினான்.

"யாரும் இறங்காதீங்க. உள்ளே ஒரே சேறா கலங்கிக் கிடக்கு. எனக்கு வழி பழக்கம், அதனால உயிரோட வந்தேன். சேறு அடங்க எப்படியும் ரெண்டு மூணு நாள் ஆகும். அது வரைக்கும் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. எங்க வீட்டுல ஒரு உயிர் போனது போதும்."

அந்தக் குகையை அவனைவிட யாருக்குத் தெரியும்? சரி என்றார்கள். இந்த நேரத்திலும் அடுத்தவன் உயிரை நினைக்கிறானே என்று படகுக்காரர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று எண்ணியபடி, முன்னால் போய்ப் படகைக் கரைக்குத் திருப்பினார். என்ஜின் போட்ட இரைச்சலில் பின்பக்கத்து அழுகை கூட அவருக்குக் கேட்கவில்லை.

பின்பக்கம் அழுகையே இல்லை. போர்வைக்குள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கானா?"

"இருக்கான். மேல் அறையில. என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதுட்டான். இருட்டுல பயந்து, எப்படியோ நீந்தி வெளியே வந்துட்டா வம்பு. அதான் டார்ச்சைக் கையில குடுத்து, சிலிண்டர் கொண்டு வரேன், இடத்தை விட்டு அசையாதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் மடியிலிருந்த ரீலை எடுத்துப் பார்த்தான்.

"அறுந்து போச்சுன்னு ஊரைக் கூட்டற, கயிறு முழுசா இதுல இருக்கு. கடைசியா வர்றவங்க சுத்திட்டு வரணும்னு அவன் சொல்லிக்கொடுத்த பழக்கம் உன்னை விடலை பாரு."

ரீலைச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவவிட்டான். அது மூழ்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"அங்க காத்து எத்தனை நேரம் தாங்கும்?"

"சேறு அடங்கற வரைக்கும் தாங்காது."