நீலக்கோட்டு விரிப்பு

ஒரு வீட்டு அலமாரியில் இரண்டு பருத்தி விரிப்புகள் இருந்தன. ஒன்று விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்தது. கஞ்சி மொடமொடப்பு கலையாத புதுசு. நீலக்கோடு போட்ட மற்றொன்றோ வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து, வெயிலில் உலர்ந்து, வெளுத்துப்போனது.

ஒருநாள் வீட்டுக்காரி மரகதம் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

“உன் கதை முடிந்தது அக்கா! இனிமேல் நீ கரித்துணிதான்” என்றது புதுசு.

நீலக்கோடு விட்டுக்கொடுக்கவில்லை. “கிழித்துப் போட்டாலும் நான் நல்ல நூல்தான், தங்கச்சி!”

மரகதம் இரண்டையும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். புதுசு சொரசொரவென்று உறுத்தியது. நீலக்கோட்டையோ கன்னத்திலிருந்து எடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுத அந்தப் பச்சைமண்ணை மரகதம் நீலக்கோட்டுத் துண்டில் பொதிந்து தூக்கினாள். அழுகை சட்டென்று நின்றது. அடுத்த நொடியே குழந்தை துணியை நனைத்தும் விட்டது.

“பட்டுக்குக்கூடக் கிடைக்காதே இந்தப் பாக்கியம்!” என்று பூரித்துப்போனது நீலக்கோடு.