லேஸ்யாவுக்கு மறுபடியும் பிறந்தநாள்

“நாளைக்குப் படிக்கட்டுல யாராவது நிறுத்திக் கேட்டா என்ன சொல்லுவே?”

“எனக்குப் பிறந்தநாள். எட்டு முடிஞ்சு ஒன்பது.”

“பயப்படாமச் சொல்லணும்.”

“நீதாம்மா பயப்படறே. காகிதத்தை எப்படிக் கோணலா வெட்டறே பாரு!”

ஸீனா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மேஜை மேல் காகிதத்தில் வெட்டிய ஆடுகள் பத்து. ஒவ்வொன்றிலும் லூக்கா சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனம், அவள் கையாலேயே எழுதியது. பதினோராவதுதான் இயேசு சொன்ன கதையில் காணாமல் போகிற ஆடு. அதை எங்கேயாவது ஒளித்து வைத்து, பிள்ளைகளைத் தேட விட வேண்டும்.

சோவியத் சட்டப்படி பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது குற்றம். அதனால் அந்தச் சுரங்க ஊரின் பாப்டிஸ்ட் சபையில் வேதபாட வகுப்பு எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில், பிறந்தநாள் விழாவாகத்தான் நடக்கும். கேக் உண்டு, பலூன் உண்டு, பாட்டு உண்டு. அன்றைக்குப் பிறந்தவர்தான் யாரும் கிடையாது.

போன வசந்தத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வகுப்பு பிடிபட்டது. சொல்லிக்கொடுத்தவளை ஜெயிலில் போடவில்லை. அவளுடைய இரண்டு பெண்களையும் அரசு விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு ஜெயிலே தேவலை என்று ஸீனா அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்கும் அதே நினைப்புதான்.

கதவு தட்டப்பட்டது. சபைக்காரர்கள் இரண்டு தட்டுதான் தட்டுவார்கள். இது நாலு.

ஸீனா அவசரமாக ஆடுகளின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டு கிளாவா அத்தை! அந்த அம்மாளுக்குத் தெரியாமல் அந்தக் கட்டடத்தில் யாரும் தும்மக்கூட முடியாது. மாதா மாதம் போலீஸ்காரர்களுக்குத் தகவல் எழுதிக் கொடுப்பவள் என்பது ஊரறிந்த விஷயம்.

“கேக் வாசனை கீழ் மாடி வரைக்கும் தூக்குதே. என்ன விசேஷம்?”

“நாளைக்கு லேஸ்யாவுக்குப் பிறந்தநாள், அத்தை.”

“லேஸ்யாவுக்கா? பிப்ரவரியிலதானே கொண்டாடினே? நான்கூட வந்து கேக் சாப்பிட்டேனே, உப்பு தூக்கலா!”

ஸீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்று சபையில் முறை வைத்திருந்தார்கள். இந்த மாதம் தையல்காரர் மகன் மீரோனின் முறை. ஆடு வெட்டுகிற மும்முரத்தில் அது சுத்தமாக மறந்து போயிருந்தது.

“அது... அது வந்து அத்தை...”

கிளாவா அத்தை அவளைத் தாண்டி உள்ளே போனாள். துண்டைத் தூக்கினாள். ஒரு ஆட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து முழுசாகப் படித்தாள். லேஸ்யா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

“எல்லாம் உன் கையெழுத்தா?”

ஸீனா தலையை ஆட்டினாள். மறைக்க இனி என்ன இருக்கிறது?

“அத்தை, என்னை எங்கே வேணும்னாலும் அனுப்பச் சொல்லுங்க. இவளை மட்டும் என்கிட்டேயிருந்து பிரிச்சிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

கிளாவா அத்தை ஆட்டைத் திரும்ப மேஜையில் வைத்தாள். போய்க் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

“மூக்கைச் சிந்தாம நான் சொல்றதைக் கேளு. உன் வீட்டை வேவு பார்க்கச் சொல்லி என்னைப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா ‘பிறந்தநாள் விழா, கேக், பாட்டு, வேறொன்றுமில்லை’ன்னு எழுதி எழுதி என் கை ஓஞ்சு போச்சு. உன் பொண்ணைத்தான் பிப்ரவரியிலேயே எழுதிட்டேனே! ஒரே பொண்ணு வருஷத்துக்கு ரெண்டு தடவை பொறந்தா அங்கே எவன்டி நம்புவான்?”



கிளாவா அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

“சீக்கிரம் வேற பிள்ளை பேரைச் சொல்லு. பேரும் வயசும் நிஜமா இருக்கணும், விசாரிப்பாங்க. நீ உண்மையை மட்டும் சொல்லு. பொய்யை நான் எழுதிக்கிறேன்.”