ராஜையன் விரலுக்கு ஒரு டிரிக்கர்

"விரலுக்குப் பலம் கொறவு. அதுக்குத் தோதா ஒரு டிரிக்கர் வேணும், மக்களே" என்றாள் அந்த அம்மாள், கவுண்டர் மேல் கைப்பையை வைத்தபடி.

மகனைப் போல 'மக்களே' என்று அவள் கூப்பிட்ட கைலாஷ் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கும் அந்தத் துப்பாக்கிக் கடைக்கு, ஊர்க்காரர்கள் வாயில் தோக்குக் கடைக்கு, பெண்கள் வருவது அபூர்வம். வருகிற ஒன்றிரண்டு பேரும் லைசென்ஸ் புதுப்பிக்க எந்த ஆபீசுக்குப் போகணும் என்று வழி கேட்டுவிட்டுப் போகிறவர்கள்.

"யார் விரலுக்கு?"

"எனக்க வீட்டுக்காரருக்கு. ராஜையன்னு பேரு. பாறசாலைப் பக்கம். காட்டுப்பன்னி சுடதுக்குப் பஞ்சாயத்துல பேரு எழுதின ஆளு. நாலு மாசம் முன்ன ஸ்ட்ரோக்கு வந்து வலது கை குழைஞ்சு போச்சு. இடது கையில முன்னமே விரலு இல்ல."

அவள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். அப்பன் காலத்து லைசென்ஸில் வந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். அதைப் பார்த்ததுமே கைலாஷுக்கு உதடு கோணியது.

கரமனையிலிருந்து தினமும் பஸ் பிடித்து ரேஞ்சுக்குப் போய், ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் எட்டு வருஷம் சுட்டவன் அவன். மூன்று பாயின்டில் தேசிய அணியைக் கோட்டைவிட்டவன். குறி தப்பினால் என்ன, அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும் என்கிற தைரியத்தில் சுடுகிற தோட்டக்காரர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அதிலும் கை விழுந்த பிறகும் துப்பாக்கியை விடாத ஒரு மனுஷன்.

"இப்போ அந்த விரலால எவ்வளவு இழுப்பார்?"

"ஆஸ்பத்திரியில விரல்ல கயிறு கட்டி மணல் பொதியத் தூக்க வச்சாவ. முக்கால் கிலோ வர இழுக்குவாரு. ஒரு கிலோன்னா அனங்காது. அதனால..."

"புரிஞ்சுது. மேல சொல்ல வேண்டாம்" என்று கைலாஷ் கையை உயர்த்தினான். இருபது வருஷம் படித்தாலும் இவர்களுக்கு டிரிக்கரைப் பற்றி ஒன்றும் ஏறாது என்பது அவன் எண்ணம்.

கவுண்டரின் கீழிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து வைத்தான். வாங்குகிறவர்கள் இழுத்துப் பார்ப்பதற்காக டிரிக்கர் பொருத்திய கட்டை அது. "அறுநூறு கிராம். கம்பெனிக்காரன் போட்டுக் குடுக்கறதுல பாதிதான். இழுத்துப் பாருங்கோ."

அவள் இடது கைச் சுண்டுவிரலை உள்ளே விட்டு இழுத்தாள். டிக் என்றது. அவள் முகம் வாடியது.

"இது இழுபடுதே" என்றாள்.

"இழுபடாம? டிரிக்கர்னா பின்னே எதுக்கு?" அவன் அடுத்ததை மாட்டினான். "இது நானூறு."

மறுபடியும் சுண்டுவிரல். மறுபடியும் டிக். "இதுவும் ஆகாது. வேற இருக்கா?"

பேராசையைப் பார் என்று நினைத்துக்கொண்டான் கைலாஷ். பாறசாலைக்காரருக்கு ஒலிம்பிக்கில் சுடுகிற நினைப்பு. போட்டிக்காரர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினான்.

"நூத்தம்பது கிராம். ஈ உக்காந்தாப் போதும்."

அவள் விரல் பட்டதும் டிக் என்றது. சூடு பட்டவள் போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, இது வேண்டாம். இது கடையில இருக்குன்னுகூட அவருக்குத் தெரியப்பிடாது."

கைலாஷின் பொறுமை அத்தோடு தீர்ந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. கை போனா மனுஷன் தோக்கை வச்சுட்டு ஜெபம் பண்ணிண்டு உக்காரணும். அதை விட்டுட்டு லேசா வேணும், லேசா வேணும்னு பெண்டாட்டியைக் கடைகடையா அனுப்பறது வெறும் வீம்பு. இதுக்கும் லேசா வேணும்னா தோக்கு வேண்டாம். பீப்பி வாங்கிக் குடுங்கோ, ஊதினாப் போதும்."

உள்ளே ஒரு துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்த கடைப்பையன் பிஜி சத்தமாகச் சிரித்தான். அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"லேசானது நான் கேக்கல்லியே, மக்களே."

"பின்னே?"

"ஒண்ணரைக் கிலோ, ரெண்டு கிலோ இழுக்கது இருக்குமா? இப்ப அதுல உள்ளது தேஞ்சு, தொட்டாலே இழுபடுது. வெளிய பாத்தா மாத்தினது தெரியப்பிடாது. அலமாரிச் சாவிய அவரு கழுத்துல இட்டிருக்காரு, உறங்கும்போகூட கழத்த மாட்டாரு. சர்வீசுன்னு சொன்னா மட்டும் தோக்கத் தருவாரு. நாளைக்குக் கொண்டாறேன்."

கைலாஷ் பிஜியைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முட்டாள்தனத்தை அவன் கேட்டதில்லை.

"முக்கால் கிலோ இழுக்கிற விரலுக்கு ரெண்டு கிலோ டிரிக்கர். நல்லா இருக்கு. பின்னே பன்னி எப்படிச் சாகும்?"

அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கவுண்டர் மேல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவரு குறி வைக்கது பன்னிய இல்ல, மக்களே. தன்னைய."