கான்செர்டினாவுக்கு ஒரே ஒரு இடம்

"உங்க வீட்டுல கான்செர்டினா வாசிக்கிறது உங்க நாத்தனார்தானே?"

மாடிப்படியில் எதிரே வந்த கீழ் வீட்டுப் பல் டாக்டர் ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பிரமாதம். ஆனா நடுநடுவுல யாரோ மூச்சுத் திணறுற மாதிரி வாசிக்கிறாங்களே, அது யாரு?"

"தெரியலையே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குள் கான்செர்டினாவை முதலில் கொண்டுவந்ததே அவள்தான். சலவைக் கடையில் இஸ்திரி போட்டபடி ரேடியோவில் கேட்டு ஆசைப்பட்டு, கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் பழையது ஒன்றை வாங்கினாள். இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னத் துருத்தி வாத்தியம். ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தால் ஒரு சுரம், அதையே அமுக்கித் தள்ளினால் வேறு சுரம்.

அந்த வித்தை அவள் விரலுக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. துருத்தி மடிப்பில் கசிவு வேறு. காகிதப் பட்டை வெட்டி ஒட்டிப் பார்த்தாள். அப்படியும் நீளமான சுரத்துக்குக் காற்று போதவில்லை.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்ததும் புத்தம் புதிதாக ஒன்று வாங்கினாள். அதோடு வந்த ஆறுமூலைப் பெட்டியைப் போலவே அண்ணிக்கும் ஒரு பெட்டி வாங்கி வந்தாள்.

"ரெண்டும் ஜோடியா இருக்கட்டும் அண்ணி."

'கிழவிக்குப் புதுப்புடவை கட்டி வேடிக்கை பார்க்கிறாள்' என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"முன்னால வந்த காதைப் பின்னால வந்த கொம்பு மறைச்சிடுச்சு போல" என்று புருஷன் சிரித்தான். மறுநாள் அவன் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. ஓர் இசைக்குழு மூன்று வாரம் கப்பலில் துறைமுகம் துறைமுகமாகப் போய் வாசிக்கப்போகிறது. கான்செர்டினாவுக்கு ஒரே ஒரு இடம். இருவரும் எழுதிப் போட்டார்கள். வந்து வாசித்துக்காட்டும்படி இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது, பெட்டியில் கட்டிக்கொள்ளப் பெயர்ச்சீட்டோடு.

கிளம்பும் நாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது, நாத்தனார் அவளுடைய பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். சட்டென்று மூடியைச் சாத்தினாள்.

"என் பெட்டியில உனக்கு என்ன வேலை?"

"கொக்கி சரியா மாட்டலை அண்ணி. அதான்."

சொல்லும்போது நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரயில் ஏறியதும் அவள் பெட்டியை மடியில் வைத்துக் கொக்கியில் கை வைத்தாள். நாத்தனார் பதறிப்போய்த் தடுத்தாள்.

"இங்க வேண்டாம் அண்ணி. ஈரக்காத்து, உள்ள இருக்கிற தகடு துருப்பிடிச்சிடும். மேடையில போய்த் திறந்துக்குங்க."

அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஏதோ செய்துவைத்திருக்கிறாள். பொத்தானைப் பிடுங்கினாளோ, துருத்தியில் ஊசியால் குத்தினாளோ. ஏற்கெனவே ஓட்டையாயிருக்கிற துருத்தியில் குத்துவதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. நாலு வருடம் எரிந்த வயிறு யோசிக்க விடுமா?

அடுத்த நிலையத்தில் நாத்தனார் காபி வாங்க இறங்கினாள். "உங்களுக்குச் சக்கரை கம்மியாத்தானே?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

எதிர் இருக்கையில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு பெட்டிகளின் பிடியிலிருந்தும் பெயர்ச்சீட்டுகளை அவிழ்த்தாள். தன் பெயரை நாத்தனார் பெட்டியிலும், நாத்தனார் பெயரைத் தன் பெட்டியிலும் கட்டினாள். பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தாள். முடிச்சுகள் பழையபடியே இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

'என்ன செஞ்சு வெச்சிருந்தாலும் இனிமே அது அவளுக்கே.'

காபி சூடாக இருந்தது. சர்க்கரையும் சரியாகவே இருந்தது. முழுவதையும் நிதானமாகக் குடித்தாள்.

அரங்கத்து வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொண்டு, பெயர் கூப்பிடும்போது சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் பெயர் அவளுடையது. நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பயப்படாம வாசிங்க அண்ணி. அந்த நீளமான சுரம் இன்னைக்கு நல்லா வரும், பாருங்க."

'வராமல் என்ன' என்று மனதுக்குள் சிரித்தபடி மேடை ஏறினாள். மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் அமர்ந்து பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே துருத்தி மடிப்பில் அவள் வெட்டி ஒட்டிய காகிதப் பட்டை தெரிந்தது.

தன் கையாலேயே மாற்றிக் கட்டிய சீட்டு. பிறகு இது எப்படி இங்கே வந்தது?

"ஆரம்பிக்கலாம்மா" என்றார் நடுவில் இருந்தவர்.

வாசித்தாள். விரல் ஓரிடத்திலும் தப்பவில்லை. இரண்டாம் வரியின் நீளமான சுரத்தில் துருத்தி பெருமூச்சு விட்டு அடங்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் அடங்கியது. நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார்.

"போதும்மா. நன்றி."

திரைக்குப் பின்னால் நாத்தனார் தன் பெயர்ச்சீட்டு கட்டிய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் அந்தப் புது கான்செர்டினா. மேடையிலிருந்து மறுபடியும் நாத்தனார் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை.

"காலையிலேயே என்னோடத உங்க பெட்டியில வெச்சு, உங்களோடத நான் எடுத்துக்கிட்டேனே அண்ணி. இது எப்படி என்கிட்டயே திரும்பி வந்துச்சு?"

அண்ணி கையிலிருந்த பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.