இதுக்குப் பேர் அக்கறை

“யாரைக் கேட்டு பிரிட்ஜைத் திறந்தே?”

அதட்டல் கேட்டதும் ஆப்பிளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒடுங்கி நின்றாள் அவள்.

“பசிச்சுதுங்க.”

“பசிச்சா என்கிட்ட கேக்கணும். நான் அதிகாரம் பண்றேன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொன்னியாமே. அதிகாரம்னா அடிச்சு விரட்டுறது. இதுக்குப் பேர் அக்கறை. புரியுதா?”

“புரியுதுங்க.”

போன் அடித்தது. அதட்டியவளே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“அம்மா, நல்லா இருக்கீங்களா? உங்களைப் பாத்துக்க நான் வச்ச நர்ஸம்மா எப்படி?” என்றான் வெளிநாட்டில் இருக்கும் மகன்.

“தங்கமானவங்கப்பா.”

“பாவம்மா, நம்மளை நம்பி வேலைக்கு வந்தவங்க. வீட்டுக்காரம்மாங்கிற தோரணையில ரொம்ப அதிகாரம் பண்ணாதீங்க.”

அவள் நிமிர்ந்து, போனை நீட்டிக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

“இனிமே பண்ண மாட்டேம்பா,” என்றாள்.