முன்வரிசைக் காலி நாற்காலி

"உங்க கைடு வரலையாமே?"

கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கும் முன்பே சேதியைப் போட்டு உடைத்துவிட்டான் குண்டூசி. உளவியல் துறை ஆராய்ச்சி மாணவர்களிடையே அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. குத்திவிட்டு, வலிக்கிறதா என்று முகத்தையும் பார்ப்பான்.

அக்கா செல்போனை நீட்டினாள். 'எனக்கு வேறு வேலை இருக்கிறது. நீங்கள் பேசிவிடுங்கள்.' காலையில் வந்த தகவல் அவ்வளவுதான்.

"இது மூணாவது செமினார் அக்கா! இதுலயும் பேசலைன்னா உங்க பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. இன்னிக்குப் போய் வேற வேலையா?"

துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, மகள் கல்லூரிக்குப் போன பிறகு தானும் படிக்க வந்தவள். வழிகாட்டி மேடத்துக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. எந்நேரமும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் அதுவேதான். அக்காவை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர். மூன்று வருஷமாக அளந்து வைத்தாற்போல் 'நீங்க', 'உங்க' மட்டும்தான்.

அழுகிற குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி போடும்போதுகூட நடுங்காத கை அக்காவுடையது. ஆனால் போன இரண்டு செமினாரிலும், முன்வரிசையில் மேடம் பேனா மூடியைத் திறந்ததும் அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவே இல்லை.

"தோக்கறவங்க பக்கத்துல நிக்க யாருக்கு அக்கா பிடிக்கும்? உங்களைக் கைகழுவிட்டாங்க." பரிதாபப்பட்டுவிட்டு, மீதி நாற்காலிகளைக் கொண்டுவரப் போனான் குண்டூசி.

வழக்கமான அறையை விட்டு, செமினாரைக் குழந்தைகள் ஆய்வறைக்கு மாற்றியதும் மேடம்தான். அதையும் நேரில் சொல்லவில்லை. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொண்டாள்.

அவன் போனதும் அந்த ஆய்வறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பெரிய கண்ணாடி. அதன் முன்னால் போய் நின்றாள். அடக்கி வைத்த வயிற்றெரிச்சல் அப்படியே கொட்டியது.

"நாலு டாக்டருங்க ஒரே நேரத்துல கத்தினாக்கூட அசையாதவ நான். இந்த ஸ்டாப்வாட்சுக்குப் போய் பயந்தேனே! ஒரு மணி நேரம் வந்து உக்கார முடியலையா? கல்நெஞ்சக்காரி! வராட்டிப் போகட்டும். அவங்க இல்லாமலே பேசிக் காட்டறேன்."

திட்டி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி பார்த்துக் கொண்டையையும் சரிசெய்துகொண்டாள்.

பத்து மணிக்குத் துறைத்தலைவர் வந்தார். பின்னாலேயே பதினைந்து பேர். முன்வரிசையில் மேடத்தின் நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

அக்கா அந்த நாற்காலியைப் பார்த்தாள். இன்றைக்கு நாக்கு ஒட்டவில்லை.

"நாப்பது குழந்தைங்க. எல்லாருக்கும் அஞ்சு வயசு. படத்துண்டுகளைச் சேர்த்து ஒரு படம் ஆக்கணும், அதுதான் வேலை. அம்மா பக்கத்துல உக்காந்து பாத்தப்போ, பாதிப் பேரு துண்டைக் கையில வெச்சுக்கிட்டு அம்மா மூஞ்சியையே பாத்தாங்க. தப்பா வெச்சிடுவோமோன்னு பயம். அப்புறம் அம்மாவை இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற இருட்டு அறையில விட்டோம். அங்கேர்ந்து பாத்தா இங்க நடக்கறது எல்லாம் தெரியும், மைக்குல கேக்கும். இங்கேர்ந்து பாத்தா நம்ம மூஞ்சிதான் தெரியும். பசங்க பாட்டுக்கு மடமடன்னு முடிச்சிட்டாங்க!"

குண்டூசி கை தூக்கினான். "ரெண்டாவது தடவை செய்யறதால பழகியிருக்கலாம் இல்லையா?"

"அதனாலதான் பாதிப் பேருக்கு முறையை மாத்தி வெச்சோம். முதல்ல தனியா, அப்புறம் அம்மாவோட. படமும் வேற வேற. அப்பவும் இதே கதைதான்."

குண்டூசியின் கை கீழே இறங்கியது.

துறைத்தலைவருக்கு வேறு சந்தேகம். "அந்த அம்மாக்கள் எல்லாம் உள்ள சும்மாவா உக்காந்திருந்தாங்க?"

"எங்க சார்! நாற்காலி போட்டுக் கொடுத்தோம், ஒருத்தரும் உக்காரல. கண்ணாடியில நெத்தி முட்ட நின்னுக்கிட்டே இருந்தாங்க."

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். செமினாரில் சிரிக்க முடியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருந்தது. நீங்க தாராளமா ஆராய்ச்சியைத் தொடரலாம்," என்றார் துறைத்தலைவர். கைதட்டல் எழுந்தது.

குண்டூசி அவள் காதருகில் குனிந்தான். "பாத்தீங்களா? உங்க கைடு இல்லாமலே ஜெயிச்சிட்டீங்க. இதையெல்லாம் பாக்க அவங்களுக்குத்தான் கொடுத்துவைக்கல."

அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் தெரிந்த அவர்கள் முகங்களெல்லாம் மறைந்து, உள்ளறை பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கண்ணாடியில் நெற்றி முட்ட, கையில் ஸ்டாப்வாட்சுடன் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற அறை என்றல்லவா நினைத்திருந்தாள்! கண்ணாடியிடம் கொட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, காது மடல் சூடானது.

மேலே மாட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"கல்நெஞ்சக்காரி பேசறேன். முப்பத்திரண்டு நிமிஷம், பத்து செகண்ட். ஒரு இடத்துலகூட நிக்கலை, அக்கா!"