குஞ்சு மட்டித் திருட்டு

“அக்கா, சொன்னா வருத்தப்படக் கூடாது. உங்க ஓர்ப்படி குஞ்சு மட்டி திருடுறாங்க.”

தராசுக்காரர் இதைச் சொன்னபோது வளையக்கா கரையில் உட்கார்ந்து மட்டிச் சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள்.

“கண்ணால பாத்தீங்களா?”

“ஒரு வாரமா பாக்குறேன். பெரிய மட்டியை என்கிட்ட எடைக்குப் போடுறாங்க. சின்னதையெல்லாம் குண்டானோட தூக்கிக்கிட்டு எங்கேயோ போறாங்க. திரும்பி வர்றப்ப குண்டான் காலி.”

ஆற்று முகத்துவாரத்தில் மட்டி எடுக்கும் முப்பது பெண்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. அதற்குத் தலைவி வளையக்கா. அவள் இடுப்பில் தொங்கும் இரும்பு வளையத்தால் வந்த பெயர் அது. வளையத்துக்குள் நுழைந்து விழுகிற மட்டி, குஞ்சு. அதை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும். மீறினால் ஒரு சீசன் முழுக்க மட்டி எடுக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன் இந்த விதியைப் போட்டவளும் வளையக்காதான்.

ஓர்ப்படி ஆற்றில் இறங்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். கொழுந்தன் வேறு காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறான். கண்டும் காணாமல் விட்டுவிடலாமா என்று வளையக்காவின் மனசு ஒரு நிமிடம் ஊசலாடியது. ஆனால் மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா என்று கேட்டே கொன்றுவிடுவார்கள்.

தவிர, நேர்மையின் பலனைக் கைமேல் பார்த்தவள் அவள். ஆற்றைக் குலுக்கல் போட்டுப் பங்கு பிரித்தபோது, கடலை விட்டுத் தள்ளி மேலே இருக்கும் பாலத்தடிப் பங்கு அவளுக்கு விழுந்தது. வெறும் சேறு. ஓர்ப்படிக்கோ கடலை ஒட்டிய பங்கு, அள்ள அள்ளக் குறையாது. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். கடல் மேலேறி வருகிறது. மழை வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை. கீழ்ப்பங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாக, பாலத்தடியில் மட்டும் மட்டி மண்டிக் கிடக்கிறது.

“விதிப்படி நடந்தா ஆறு தானா கொடுக்கும்” என்று கூட்டத்துக்குக் கூட்டம் வளையக்கா பேசுவாள்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிப்பதென்று, கடலோரம் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அவள் உடம்பை மறைக்க அந்தப் படகு போதவில்லை.

ஓர்ப்படி குண்டானைத் தூக்கிக்கொண்டு பாடியபடியே கரையேறினாள். களவுக்குப் போகிறவள் பாடிக்கொண்டா போவாள்? வளையக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“நில்லுடி.”

“அக்காவா? படகு ஏன் அசையுதுன்னு பாத்தேன்.”

வளையக்கா சிரிக்கவில்லை. குண்டானில் கைவிட்டு எடுத்து ஒவ்வொன்றாக வளையத்தில் போட்டாள். போட்டதெல்லாம் விழுந்தது.

“யாருக்கு விக்கிற?”

“யாருக்கும் இல்லக்கா.”

“அப்ப வீட்டுக்குக் குழம்பா?”

“இத்தனூண்டுல என்னக்கா இருக்கு, வெறும் ஓடு.”

“எடுத்த இடத்துலயே போடணும்னு விதி இருக்கா, இல்லையா?”

“முந்தாநாளும் கொஞ்சம் போட்டுப் பாத்தேன்க்கா. அங்க பாருங்க.”

ஓர்ப்படியின் பங்கில், வற்றிய தண்ணீரில், குஞ்சு மட்டிகள் வாய் பிளந்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

“முன்ன மாதிரி இல்லக்கா. உப்பு ஏறிப்போச்சு. மத்தியானத்துல தண்ணிக்குள்ள கை வைக்க முடியல, அப்படிச் சுடுது. விதிப்படி போட்டதெல்லாம் ரெண்டே நாள்ல செத்துடுது. நல்ல தண்ணி கலக்குற இடத்துல விட்டா பொழைச்சுக்குது.”

வளையக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக எத்தனை ஆயிரம் குஞ்சுகளைத் திருப்பிப் போட வைத்திருப்பாள். அத்தனையும் பாழ்.

“சரி, எங்க கொண்டுபோய் விடுற?”

“வாங்க, காட்டுறேன்.”

ஆற்றோரமாகவே நடந்தார்கள். வளையக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஓர்ப்படி குண்டானை இடுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு முன்னே போனாள். பாலத்தடிக்கு வந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குண்டானைப் பதமாகச் சாய்த்தாள்.

வளையக்கா கரையில் விழித்துக்கொண்டு நின்றாள்.

“இது என் பங்குடி.”

“வேற எங்கக்கா இப்ப நல்ல தண்ணி வருது?”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ரெண்டு வருஷம் இருக்கும். நீங்க கரையேறின பிறகுதான் வருவேன்.”

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கூட்டத்துல நான் என்னென்ன பேசினேன்.”

“அவ்வளவு சந்தோஷமா பேசுனீங்க. கெடுக்க மனசு வரலக்கா.”

வளையக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. குண்டானை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர்ப்படியின் வீடுவரை கூடவே நடந்தாள்.

சாயங்காலம் சங்கக் கூட்டம். தராசுக்காரர் புண்ணியத்தில் விஷயம் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது.

“சொந்தக்காரின்னு பாக்காம தீர்ப்பு சொல்லுங்கக்கா” என்றாள் ஒருத்தி.

வளையக்கா எழுந்தாள்.

“குஞ்சு மட்டி திருட்டுப் போனது உண்மைதான். அவ்வளவும் என் பங்குலதான் கிடக்குது. அதை எடுத்து வித்துட்டு, உங்களுக்கு நேர்மை பத்திப் பாடம் நடத்தினவ நான். அதனால இந்த சீசன் நான் மட்டி எடுக்கல, பாலத்தடியில அவ எடுக்கட்டும். நாளையிலேருந்து உங்க பங்குல கிடைக்கிற குஞ்சையெல்லாம் என்கிட்ட கொடுங்க, மேல தூக்கிட்டுப் போய் விடுற வேலை எனக்கு.”